கென்ஷின் இம்பாக்ட்: விளையாடத் தகுந்ததா?

கென்ஷின் இம்பாக்ட் என்பது சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் உருவாக்கி, 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட இணையவழிக் கதாபாத்திர விளையாட்டு. சீனாவுக்கு வெளியே இது ஹோயோவெர்ஸ் என்ற பெயரில் வெளியாகிறது. கணினி, கைப்பேசி, பிளேஸ்டேஷன் ஆகியவற்றில் விளையாடலாம். பதிவிறக்கக் கட்டணம் இல்லை. கதையைத் தொடரவும் கட்டணம் இல்லை. ஆட்டத்துக்குள் நடக்கும் விற்பனையே இதன் வருமானம். இலவசம் என்று சொல்லப்படும் இந்த ஆட்டம் நேரம் செலவிடத் தகுந்ததா, சிறுவர் கையில் கொடுக்கத் தகுந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி எனக்கு வீட்டிலிருந்து வந்தது. நெய்வேலி நகரியத்தில் பல ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் பிறந்தநாளுக்குச் சட்டை வேண்டாம் என்றான்; அதற்குப் பதில் இந்த ஆட்டத்தில் 30 நாளுக்குச் செல்லும் ஒரு சந்தா வாங்கித்தரச் சொன்னான். "இலவச ஆட்டம்னு சொன்னியேடா?" என்றேன். "ஆட்டம் இலவசம்தான் தாத்தா, இது வேற" என்றான். அந்த 'வேற' என்ன என்று தெரியாமல் சரி என்றும் சொல்ல முடியாது, கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆகவே நானே ஒரு கணக்குத் தொடங்கி ஏழு மாதம் ஆடினேன், ஒரு பைசா கட்டாமல். விரல் வேகம் குறைந்த வயதில் கற்றுக்கொண்டவன் என்பதால் சண்டைக் காட்சிகளைப் பற்றிய என் தீர்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதையும் உலகமும்

தெய்வாட் என்ற கற்பனை உலகில் ஏழு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம், ஒரு பூதம்: காற்று, பாறை, மின்னல், தாவரம், நீர், நெருப்பு, பனி. இரட்டையரான அண்ணன் தங்கையில் ஒருவரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவர் காணாமல் போகிறார். அவரைத் தேடி நாடு நாடாகப் போவதே கதை.

பூதங்கள் வெறும் அலங்காரம் அல்ல. மழையில் நனைந்த எதிரி மேல் பனியை ஏவினால் உறைந்துபோவான். நீரோடு மின்னல் சேர்ந்தால் அதிர்ச்சி பாயும். மரக் கேடயம் நெருப்பில் எரியும். எதை எதோடு சேர்த்தால் என்ன விளையும் என்று யோசித்து ஆட வேண்டியிருக்கிறது. பேரன் இதைப் பாடப் புத்தகத்தைவிட ஆர்வமாக எனக்கு விளக்கினான் என்பதைக் கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

நாடுகள் நம் பூமியின் நாடுகளை நினைவூட்டுபவை. மோண்ட்ஸ்டாட் ஜெர்மனியை, லியுவே சீனாவை, இனாசுமா ஜப்பானை ஒத்தது. இசைக்கு உண்மையான இசைக்குழுக்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்: மோண்ட்ஸ்டாட்டுக்கு லண்டன் பில்ஹார்மோனிக், லியுவேக்கு ஷாங்காய் சிம்பொனி. லியுவேயில் யுன் ஜின் என்றொரு மேடைப் பாடகி வருகிறாள். அவள் பாடும் காட்சி சீன இசைநாடக மரபில் அமைந்தது. உலகெங்கும் உள்ள இளைஞர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் இன்னும் தெருக்கூத்து நடக்கிறது. அந்த அடவுகளும் குரலும் இப்படி ஒரு ஆட்டத்துக்குள் போக ஏன் வழியில்லை என்ற எண்ணம் வராமல் அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. ஆட்டத்தின் எழுத்துகள் தாய், வியட்நாம், இந்தோனேசிய மொழிகளில்கூடக் கிடைக்கின்றன. இந்திய மொழி ஒன்றும் இல்லை.

2022 ஆகஸ்டில் வந்த சுமேரு நாடுதான் நமக்கு நெருக்கமானது. பெயரே மேரு மலை. காட்டுக்குள் அரநாரா என்ற சின்ன உயிர்கள், அவற்றின் ஊர் வனரானா, அவற்றைச் சுற்றிய நீண்ட கதைக்குப் பெயர் ஆரண்யகா. வனம், ஆரண்யம் என்று வேர் பிரித்துச் சொன்னபோது பேரன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை அவனுக்கு அவை ஜப்பானியப் பெயர்கள். பின்னணி இசையில் சித்தாரும் புல்லாங்குழலும் கேட்கின்றன. ஆனால் ஒரு குறை உண்டு. லியுவேயை ஒரு தனிப் பண்பாடாக நுணுக்கமாகச் செய்தவர்கள், சுமேருவில் இந்தியா, பாரசீகம், அரபுலகம், எகிப்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். இத்தனை வெயில் நாடுகளைக் கலந்து செய்த நாட்டில் கருத்த தோலுள்ள நாயகர்கள் மிகக் குறைவு என்று அப்போதே ஆட்டக்காரர்கள் பலர் குறைப்பட்டார்கள். நியாயமான குறை.

சுமேரு கதை ஆசிரியர்கள் படிக்க வேண்டிய ஒன்று. அங்கே அகாடமியா என்ற கல்விச்சபை ஆள்கிறது. மக்கள் காதில் ஒரு கருவி. அகாஷா என்ற அமைப்பு அதன் வழியாக வேண்டிய அறிவை வேண்டிய அளவு அனுப்பும். கேட்டது கிடைத்துவிடுவதால் யாரும் யோசிப்பதில்லை. ஒரு திருவிழா நாள் முடியாமல் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. சபை மக்களின் கனவுகளை அந்தக் கருவி வழியாக அறுவடை செய்கிறது என்பது பிறகு தெரிகிறது. சிறை வைக்கப்பட்ட சிறுமித் தெய்வம் நஹீதாவின் துணையோடு அந்தச் சுழலிலிருந்து வெளியே வருகிறோம். நல்ல கதை; நன்றாகச் சொல்லப்பட்ட கதை. ஆனால் அதை முடித்துவிட்டு மறுநாள் காலை ஆட்டத்தைத் திறந்தால், நேற்றுப் போலவே நான்கு அன்றாட வேலைகள் காத்திருக்கின்றன. முடித்தால் 60 பிரைமோஜெம். நாளையும் அதேதான். தன்னையே கண்டிக்கும் கதையை இந்த ஆட்டம் தனக்குள் வைத்திருக்கிறது, அது தெரிந்தா தெரியாமலா என்பதுதான் புரியவில்லை.

சீட்டு கிழிக்கும் அட்டை

என் சிறுவயதில் பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்கும். அதில் வரிசையாக மடித்து ஒட்டிய சீட்டுகள். ஐந்து பைசா கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே எண் இருக்கும். பெரும்பாலும் ஒரு மிட்டாய்தான் வரும். அட்டையின் உச்சியில் பெரிய பலூன் ஒன்று கட்டியிருக்கும். அந்தப் பலூனை யாரும் வென்று நான் பார்த்ததில்லை, ஆனால் அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கிழித்தோம்.

இந்த ஆட்டத்தில் புதிய பாத்திரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கின்றன. இதற்கு 'விஷ்' என்று பெயர். ஜப்பானியர் இவ்வகை விற்பனையை 'காச்சா' என்பார்கள். தொடக்கத்தில் சில பாத்திரங்கள் இலவசமாக வரும். அவர்களை வைத்தே கதையைத் தொடரலாம், நான் தொடர்ந்தேன். ஆனால் விளம்பரப் படத்தில் வருபவர்கள் ஐந்து நட்சத்திரப் பாத்திரங்கள். அவர்களில் ஒருவர் ஒரு சீட்டில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. இது நிறுவனமே வெளியிட்டுள்ள எண்.

மாணவர்கள் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சீட்டில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.994. பத்துச் சீட்டில் ஒன்றும் கிடைக்காமல் போக, 0.994ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 0.94. நூறு பேர் ஆளுக்குப் பத்துச் சீட்டு கிழித்தால் 94 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். 90ஆவது சீட்டில் ஏதோ ஓர் ஐந்து நட்சத்திரம் கட்டாயம் வரும் என்பது விதி. ஆனால் அது விளம்பரப் படத்தில் உள்ளவராக இருக்க வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான். தவறினால் அடுத்தது உறுதி. ஆகவே மோசமான நிலையில் 180 சீட்டு. இதுவரை கிழித்த எண்ணிக்கை அடுத்த பாத்திரத்தின் விற்பனைக்கும் தொடரும் என்பது நியாயமான ஏற்பாடு. பெட்டிக்கடை அட்டையில் அது இல்லை.

விலை என்ன? இங்கேதான் கணக்கு வாத்தியாருக்கே தலை சுற்றியது. பணம் கொடுத்தால் ஜெனிசிஸ் கிரிஸ்டல். அதை மாற்றினால் பிரைமோஜெம். 160 பிரைமோஜெம்முக்கு இன்டர்ட்வைன்ட் ஃபேட் ஒன்று. அதைக் கொடுத்தால் ஒரு விஷ். நான்கு படி. அமெரிக்க விலைப்படி மிகப் பெரிய பொதி 99.99 டாலர், முதல் முறை வாங்குவோருக்கான சலுகையை விட்டுவிட்டால் அதில் 8,080 கிடைக்கும். 180 சீட்டுக்கு 28,800 வேண்டும். மூன்று பொதி போதாது, நான்கு வேண்டும். நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும், ஒரே ஒரு பாத்திரத்துக்கு. பெட்டிக்கடைக்காரர் ஐந்து பைசாவை நேராகக் கையில் வாங்கினார். நடுவில் மூன்று நாணயம் மாற்றச் சொல்லவில்லை.

லியுவே நாட்டின் தெய்வம் ஒப்பந்தங்களின் தெய்வம் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அந்த உலகின் பணமான மோராவைப் படைத்ததே அவர்தான். மனித வேடத்தில் சோங்லி என்ற பெயரில் திரியும்போது அவர் பையில் காசே இருக்காது, கடைக்குக் கடை வேறொருவர் கொடுக்க வேண்டும். நல்ல நகைச்சுவை. ஒப்பந்தத்தை மீறுபவர் தண்டனை அடைவார் என்று அந்த நாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்டக்காரனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமோ 'விவரம்' என்ற சிறு பொத்தானுக்குப் பின்னால் பல பத்தி நீளத்தில் கிடக்கிறது.

சட்டம்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்த ஆட்டத்தின் வெளியீட்டாளர் மீது நடவடிக்கை எடுத்தது. சிறுவர்களிடம் விற்றது, கிடைக்கும் வாய்ப்பையும் உண்மைச் செலவையும் புரியாதபடி வைத்தது என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் அவற்றில் பலவற்றை ஏற்கவில்லை என்று சொல்லியே சமரசத்துக்கு உடன்பட்டது: 2 கோடி டாலர் அபராதம், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றி இவ்வகைச் சீட்டுகளை விற்கத் தடை. பெல்ஜியம் 2018லேயே பணம் கட்டி வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. ஜப்பான் 2012ல் இதன் ஒரு கொடிய வடிவத்தை நிறுத்தியது. இந்த ஆட்டத்தின் தாயகமான சீனாவில் 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரைதான் இணைய ஆட்டம் ஆடலாம்.

நம் நாட்டில்? தமிழக அரசு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடைசெய்தது. அதற்கு முன் சம்பள நாளில் லாட்டரிச் சீட்டுக் கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடை ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை விதித்த தமிழக விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவையெல்லாம் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. கென்ஷின் இம்பாக்டில் பணம் போகும், திரும்பி வராது. வென்ற பாத்திரத்தை ஆட்டத்துக்குள் காசாக்க வழியில்லை. ரம்மியில் தோற்றவனுக்காக வந்த சட்டம் இங்கே பெரும்பாலும் எட்டாது. வெல்லவே முடியாதது சூதாட்டம் ஆகாது என்ற நிலை எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

நேரம்

பொருள் சேர்க்க 'ரெசின்' என்ற ஒன்று வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200 ஆனதும் நின்றுவிடும். வெறுமையிலிருந்து நிறைய 26 மணி 40 நிமிடம். நாளுக்கொரு முறை உள்ளே வராவிட்டால் வீண். ஷிப்டுக்குப் போகாவிட்டால் ஆப்சென்ட் விழுவதுபோல ஓர் உறுத்தலை இது உண்டாக்குகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு அந்த உறுத்தல் பழக்கமானது, ஆனால் அதற்குச் சம்பளம் உண்டு. மற்றபடி ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அல்ல இது. நால்வர் சேர்ந்து ஆடலாம். பக்கத்து வீட்டுப் பையனைவிடப் பின்தங்கிவிட்டோம் என்ற அவசரம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே துப்பாக்கி ஆட்டங்களைவிட இதை மேலாக வைப்பேன்.

யார் ஆடலாம்

பெரியவர்களுக்கு: கைப்பேசியில் 20 ஜிபிக்கு மேல் இடமும், நாளுக்கு அரை மணியும் இருந்தால் ஆடலாம். லியுவே, சுமேரு கதைகளுக்காக மட்டுமே ஆடினாலும் நட்டமில்லை. கதை முடிந்ததும் விட்டுவிடலாம். அன்றாட வேலைகளைத் தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு: வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் ஆடினால் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதாது, ஆட வேண்டும். பணம் கட்டும் வழியை முதல் நாளே அடைத்துவிட வேண்டும்.

பேரன் கேட்ட சந்தாவுக்கு வருகிறேன். 30 நாளும் தவறாமல் உள்ளே வந்தால் அதில் கிடைப்பது மொத்தம் 3,000. அதாவது 18 சீட்டு, மீதி 120. அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 0.994இன் 18ஆம் அடுக்கு, ஏறத்தாழ 0.897. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் வராது. "ஆனா தாத்தா, எண்ணிக்கை அடுத்ததுக்கும் போகுமே" என்றான். அவன் சொன்னது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பொதுத்தேர்வு முடியும்வரை காசு கட்டுவதில்லை, இலவசமாக வருவதைச் சேர்த்துவைப்பது என்று பேசி முடித்தோம். இப்போது அவனிடம் 63 சீட்டு இருக்கிறது. ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து ஆடுகிறோம். சண்டை அவன் பொறுப்பு, பூப்பறிப்பது என் பொறுப்பு.