மரக்கூழ்த் தாளும் மாண்புடைக் கதையும்

மலிவான சஞ்சிகையில் வெளிவந்தது என்னும் ஒரே காரணத்தால் ஒரு கதையைத் தாழ்ந்ததெனத் தள்ளுவோர் உளர். பலர் விரும்பிப் படிக்கின்றனர் என்னும் ஒரே காரணத்தால் அதனை உயர்ந்ததெனக் கொள்வோரும் உளர். இவ்விரு திறத்தாரும் கதையை நோக்காது கடையை நோக்குபவராவர். அமெரிக்க மலிவுக் கதைச் சஞ்சிகைகளின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1896ஆம் ஆண்டிலே பிராங் மன்சி என்பார் தமது 'ஆர்கோசி' சஞ்சிகையை முற்றிலும் கதைகளுக்கே உரியதாக்கி, மரக்கூழாலாகிய முரட்டுத் தாளில் அச்சிட்டுப் பத்துச் சதத்துக்கு விற்றார். அத்தாளின் பெயரே பின்னர் அவ்வினச் சஞ்சிகைகள் அனைத்துக்கும் பெயராயிற்று. காலப்போக்கில் துப்பறிதல், காதல், குதிரை வீரர் வாழ்வு என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சஞ்சிகைகள் எழுந்தன. 1926இல் ஹியூகோ கேர்ண்ஸ்பாக் விஞ்ஞானக் கதைக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்பதனைத் தொடங்கினார்.

இச்சஞ்சிகைகளிலே ஊதியம் பெரும்பாலும் சொற்கணக்கில் அளிக்கப்பட்டது. எனவே, சுருங்கச் சொல்பவன் பொருள் இழந்தான். நீட்டி முழக்குபவன் பொருள் பெற்றான். வார்ப்பில் இட்டாற் போன்ற பாத்திரங்களும், பிற இனத்தாரைக் கொடியராகவே தீட்டும் வழக்கமும் மலிந்தன. இக்குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது.

ஆயினும், அதே தாளிலேதான் 'பிளாக் மாஸ்க்' சஞ்சிகையும் அச்சாயிற்று. எச். எல். மென்கனும் ஜோர்ஜ் ஜீன் நேதனும் தமது இலக்கிய ஏடாகிய 'ஸ்மார்ட் செற்' அடைந்த பண முடையைத் தீர்க்கவே 1920இல் இதனைத் தொடங்கிச் சில மாதங்களிலே விற்றுவிட்டனர். 1926இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜோசப் ஷோ, கதைப்பின்னலினும் பாத்திரப் பண்பையும், அலங்காரத்தினும் எளிய நடையையும் வேண்டினார். முன்னர்த் துப்பறியும் நிறுவனமொன்றிற் பணிபுரிந்த டாஷியல் ஹமெற், தம் புகழ்பெற்ற 'மால்ட்டாப் பருந்து' நாவலை 1929–30இல் அதிலேயே தொடராக எழுதினார். அவர் தம் மாந்தரின் உள்ளத்தை விரித்துரைப்பதில்லை. செயலையும் உரையாடலையும் மாத்திரம் காட்டி, எஞ்சியதை வாசகனிடமே விடுகின்றார். சொல்லுக்குக் கூலி தரும் சந்தையிலே சொற்சுருக்கம் பேணிய இத்துணிவு போற்றற்பாலது. றேமண்ட் சாண்ட்லரோ 1933இல் அதில் வெளியான தம் முதற் துப்பறியும் கதைக்கு ஐந்து மாதம் உழைத்தார். மலிவு ஏட்டுக்கு இவ்வளவு போதும் என அவர் எண்ணவில்லை.

இரண்டாம் உலகப்போர்க்காலத் தாள் தட்டுப்பாடும், பின்னர்ப் பெருகிய மலிவுப் பதிப்பு நாவல்களும், தொலைக்காட்சியும் இவ்வேடுகளை நலிவித்தன. 'பிளாக் மாஸ்க்' 1951இல் நின்றது. ஆயினும் ஹமெற்றும் சாண்ட்லரும் இன்றும் பயிலப்படுகின்றனர். தாள் மக்கிற்று, நடை நிலைத்தது.

ஆதலின், மாணவர் கையில் மலிவுக் கதையொன்றைக் காணும் ஆசிரியர் அதனைப் பறித்தலால் பயனில்லை. அதிலுள்ள நெல் எது, பதர் எது எனப் பிரித்தறியப் பயிற்றுதலே அவர்தங் கடமை. அப்பயிற்சி பெறாதவன் உயர்ந்த நூலைப் படிக்கும்போதும் அதன் அட்டையையே மதிப்பான்.