உறுதி யார் பெயரில்?

ஆணே தலைவன் என்ற போதனையைப் பற்றி அண்மைக்காலக் கிறிஸ்தவ எழுத்துகள் குவிந்து கிடக்கின்றன. அதற்கு ஆதாரமாக எபேசியர் 5, 1 தீமோத்தேயு 2 ஒரு பக்கம். அதற்கு எதிராகக் கலாத்தியர் 3:28, ரோமர் 16இல் வரும் பெண்களான பெபேயாள், யூனியா மறுபக்கம். அமெரிக்காவில் 1987இல் வரையப்பட்ட டான்வர்ஸ் பிரகடனமும், ஜோன் பைப்பரும் வேயின் குரூடெமும் 1991இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பும் முதல் அணியின் தூண்கள். தலைமை என்பது அதிகாரமல்ல, தியாகம் என்பார்கள். இருக்கட்டும், கடைசிச் சொல் யாருடையது என்று கேட்டால் ஆணுடையது என்றுதான் சொல்வார்கள்.

இரு அணியுமே பேசாத ஒன்று உண்டு: வீடு யாருடையது?

கிழக்கிலங்கையில் இது வெறும் கேள்வியல்ல. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தாய்வழிக் குடிமுறை. வீடு மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதை விரிவாகக் காட்டுகிறது. மனைவியின் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கணவன் எந்த வகையில் தலை? பிரசங்க பீடத்துக்கு இந்தச் சிக்கல் எட்டுவதே இல்லை.

அரசாங்கத்துக்கும் எட்டவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளின் உறுதிகள் 'குடும்பத் தலைவர்' பெயரில், அதாவது பெரும்பாலும் கணவன் பெயரில், எழுதப்பட்டன. தாய் தந்த வீட்டைக் கடலிடம் இழந்தவள், புது வீட்டில் உரிமையில்லாதவளானாள். பெண்கள் அமைப்புகள் கூட்டு உறுதி கேட்டுப் போராடின.

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமப் பக்கம் கதை வேறு. கோணேசர் கோயிலும் வயல்வெளியுமாய் உள்ள ஊர். மாவட்டத்துக் கிறிஸ்தவர் திருகோணமலை நகரை அண்டியே அதிகம். ஆனால் வயலுக்குத் தண்ணீர் தரும் கந்தளாய்க் குளத்தை ஒட்டிய குடியேற்றக் காணிகளில், மதம் எதுவாயினும், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆணுக்கே முன்னிடம் வைத்தது. பெயர் குறித்த வாரிசு இல்லாவிட்டால், பின்னுரித்து வரிசையில் மகனுக்குப் பிறகே மகள். எந்த வேதமும் ஓதாமலே அரசு ஆண்தலைமையை நிலத்தில் ஊன்றியது. போதகர்கள் மறுக்கக் காரணம் இருக்கவில்லை.

பெண் குருத்துவம் பற்றிச் சபைகளின் போக்கும் ஒரே சீராயில்லை. கத்தோலிக்கத்தில் 1994இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதற்குக் கதவடைத்தார். இலங்கை அங்கிலிக்கன் சபையின் கொழும்பு மறைமாவட்டம் 2006இல் பெண்களைக் குருவாக்கியது. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. குருப்பட்டம் பற்றியே இவ்வளவு எழுதுகிறார்கள். திருமண ஆராதனையில் மணமகளுக்கு இன்றும் எபேசியர் 5 வாசிக்கப்படுவதைப் பற்றி எழுதுபவர் குறைவு. அதே அதிகாரத்தின் 21ஆம் வசனம் இருபாலாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. வாசிப்பை 22இலிருந்து தொடங்கும் வழக்கம் வசதியானது.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் ஆண்முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கியது. அதற்கு எந்தச் சபையும் மன்றாடியதாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் காணி இழந்த பெண்கள்.