மூக்குக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

காலையில் ஊதுபத்தி, சமையலறையில் தாளிப்பு, தெருமுனையில் பூக்கடை என்று நாள் முழுக்க மணங்களுக்கு நடுவில்தான் வாழ்கிறோம். ஆனால் ஒரு மணத்துக்காக நின்று, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பதற்றத்தைத் தணிக்க மணத்தை நாடுபவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்த நிதானத்தைத்தான். அறையில் டிஃப்யூசரைப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்கினால் அறைதான் மணக்கும், மனம் அடங்காது. ரசித்து முகர்ந்தால்தான் மணம் கைகொடுக்கும்.

மணம் எப்படி உதவுகிறது?

காட்சியும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்தே மற்ற இடங்களுக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியை அது நேராகவே எட்டிவிடுகிறது. அதனால்தான் இது என்ன மணம் என்று பெயர் சொல்வதற்குள் மனநிலை மாறிவிடுகிறது. நம் மூக்கில் மணமறியும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. இத்தகைய ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991இல் அடையாளம் காட்டிய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மற்றொரு காரணம் மூச்சு. பதற்றத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். மெல்லிய மணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மெதுவாக இழுத்தாக வேண்டும். இழுத்ததை அதைவிட நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. மணத்தைத் தேடப் போகிற மூக்கு, மூச்சையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

முதல் பாடம்: வெட்டிவேர்

தொடங்குவதற்கு வெட்டிவேரைவிடப் பொருத்தமானது இல்லை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி வாங்குங்கள். கடலூர்ப் பக்கம் கடலோர மணல் நிலங்களில் இது பயிராகிறது. மணமெல்லாம் வேரில்தான்.

முதலில் உலர்ந்த வேரை மூக்கருகே வையுங்கள். வைக்கோலும் மரத்தூளும் கலந்த மணம் லேசாக வரும். பிறகு மண் போக அலசி, ஈரத்தோடு முகருங்கள். இப்போது மழை நனைத்த மண்ணின் மணம் எழும். அதற்கும் அடியில் சிறு இனிப்பு இருக்கும். அந்த இனிப்பைக் கண்டுபிடிக்கும் வரை அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று முறை இழுத்த பிறகு ஒரு நிமிடம் விலகி இருங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். இடைவெளி விட்டால் மறுபடி தெளியும்.

வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் இந்த மணம் தாக்காது, தங்கும். மண்பானைத் தண்ணீரில் சிறு முடிச்சாகப் போட்டுவைத்தால் ஒவ்வொரு மடக்கிலும் முகரலாம்.

இரண்டாம் பாடம்: மல்லிகை

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை மாலையில் மொட்டாக வாங்குங்கள். அப்போது பச்சை வாசம்தான் இருக்கும். இரவு ஏற ஏற இதழ் விரியும், மணமும் கனக்கும். மணிக்கு ஒரு முறை முகர்ந்து மாற்றத்தைக் கவனியுங்கள். மல்லிகையில் இன்டோல் என்ற வேதிப்பொருள் உண்டு. தனியாகச் செறிந்தால் நாற்றமடிக்கும் பொருள் அது. பூவில் சிறிதளவே இருந்து மணத்துக்கு ஆழம் கூட்டுகிறது. மூடிய அறையில் நிறையப் பூவை வைத்தால் சிலருக்குத் தலைவலி வரும். கைக்குள் நாலு பூ போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மூன்றாம் பாடம்: தனியா

பதற்றத்துக்கு லாவண்டர் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். லாவண்டரின் முக்கியப் பொருள்களில் ஒன்று லினலூல். கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் பெரும்பங்கு அதுதான். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், லினலூலை முகர்ந்த எலிகளின் பதற்றம் குறைந்தது; முகரும் திறனை இழந்த எலிகளுக்குக் குறையவில்லை. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மணம் மூக்கின் வழியாகவே வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு சிட்டிகை தனியாவை உள்ளங்கையில் நசுக்கி முகருங்கள். எலுமிச்சையும் பூவும் கலந்த வாசம் முதலில் வரும், பிறகுதான் மசாலா வாசம்.

முன்கூட்டியே பழகுங்கள்

பதற்றம் வந்த பிறகு புது மணத்தைத் தேடுவதில் பயன் குறைவு. மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், உறங்கப் போகுமுன் அல்லது மாலையில், தினமும் ஒரே மணத்தை ஐந்து நிமிடம் முகருங்கள். மூளை அந்த மணத்தை அமைதியோடு சேர்த்துவைத்துக்கொள்ளும். பிறகு தேர்வுக்கு முன்போ ரயில் நெரிசலிலோ அதே மணம் அந்த அமைதியை நினைவூட்டும். அந்த மணம் பதற்றத்தோடு சேர்ந்துவிடாமல் இருக்க, அதை அலுவலகத்திலும் சண்டை நடக்கும் கூடத்திலும் பரப்பாதீர்கள். பழைய துக்கத்தைக் கிளறும் மணத்தை, ஊரே புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் மூக்கு ஒப்புக்கொள்வதுதான் உங்களுக்கான மணம்.

கவனம்

வாசனை எண்ணெயை நேராகத் தோலில் தடவக் கூடாது. 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு போதும். குடிக்கவே கூடாது. சூடத்தைக் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் யூகலிப்டஸ் தைலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆஸ்துமா இருக்கும் வீட்டில் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மணம் நல்ல துணை, ஆனால் சிகிச்சைக்கு ஈடாகாது. பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தயங்க வேண்டாம்.