தொப்பிப் பக்கம் நின்று கேளுங்கள்

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் வீரவநல்லூர் தாண்டியதும் காருகுறிச்சி வரும். அந்த ஊர் அருணாசலத்தை (1921–1964) எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் இழைந்த நாயனம் அவருடையதுதான். அவர் வாசித்த பழைய பதிவுகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கேட்டவர்கள் எல்லாரும் நாயனத்தைக் கேட்டிருக்கிறார்கள். கூடவே வாசித்த தவிலைக் கேட்டவர்கள் குறைவு. பல பதிவுகளில் தவில்காரர் பெயரைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

நானும் தவில் தனி ஆரம்பித்தால் காபிக்கு எழுந்துபோகிற ரகமாகத்தான் இருந்தேன். ‘சத்தம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். சத்தம்தான், மறுக்கவில்லை. வீதியில் சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்கப் பிறந்த வாத்தியம், காதோடு ரகசியம் பேசுமா?

முதலில் ஒரு சின்ன வேலை. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அதில் தவிலின் பாதி உடம்பு காணாமல் போய்விடும். காதில் மாட்டுகிற கருவி போதும். இனி இரண்டு பக்கத்தையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். வலது கை வாசிக்கும் பக்கம் வலந்தலை. விறைப்பாக இழுத்துக் கட்டிய தோல். விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடுகள். படபடவென்று பொரிகிற சத்தம் அங்கிருந்து வருகிறது. இடது கையில் இருப்பது குட்டையான கழி, பெரும்பாலும் பூவரசு. அது அடிக்கும் பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அடிவயிற்றில் இறங்குகிற ‘தொம்’ அதனுடையது. வலந்தலையைக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டாம், அது தானாகவே காதில் ஏறும். ரசனை ஆரம்பிப்பது தொப்பியில்தான் என்பது என் கட்சி.

ஏன் என்றால், இளம் கைக்கு வேகம் வந்துவிடும். தொப்பியை எப்போது அடிக்காமல் விடுவது என்பது வயதோடுதான் வரும். ஒரு பதிவில் ராக ஆலாபனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக் கச்சேரியில் அந்த நேரம் மிருதங்கம் மடியில் தூங்கும். மேளக் கச்சேரியில் அப்படி இல்லை. நாயனக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தவில் புகுந்து நாலு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கும். அங்கே தாளக்கணக்கு கிடையாது. ராகத்தின் மனநிலையை அறிந்து வாசிக்க வேண்டும். மூத்த கை, நாயனம் விட்டுப்போன இடத்திலேயே தொட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் அடங்கிவிடும். இந்த அடக்கம் பிடிபட்டுவிட்டால் பாதி தவில் உங்களுக்கு வந்துவிட்டது.

கீர்த்தனைக்கு வந்ததும் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தொடையில் போட்டுக்கொள்ளுங்கள். தவில்காரர் எங்கெங்கோ சுற்றி, இனித் திரும்ப மாட்டார் என்று நமக்கு உதறல் எடுக்கிற நேரத்தில், பல்லவியின் எடுப்பில் வந்து ‘டக்’கென்று இறங்குவார். எண்ணாமல் கேட்டால் அது வெறும் முடிவு. எண்ணிக்கொண்டு கேட்டால் உங்களை அறியாமல் தலை ஆடும். இரண்டு தவில் என்றால் இன்னும் விசேஷம். மாறி மாறி வாசிக்கும் பங்கு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பிறகு மல்லாரி. கம்பீரநாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தாளச் சொற்களின் மேலேயே கட்டிய இசை. அதில் யார் பக்கவாத்தியம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ராக் இசை கேட்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் சுலபமாக விளங்கும். ‘கிரீம்’ என்ற பிரிட்டிஷ் புளூஸ்-ராக் குழுவின் முதல் ஆல்பத்திலேயே (1966) ஜிஞ்சர் பேக்கருக்கு நீண்ட டிரம்ஸ் தனி உண்டு. அதைக் கண்ணை மூடிக் கேட்கிற என் அண்ணன் மகன், ஒருநாள் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) பதிவைப் போட்டுக் காட்டியதும், “சித்தப்பா, இத ஏன் இத்தனை நாளா சொல்லல?” என்று சண்டைக்கு வந்துவிட்டான்.

பதிவில் பழகிய காதை அப்புறம் குற்றாலத்துக்குக் கொண்டுவாருங்கள். தவிலின் கட்டை பலா மரத்தில் கடைவது. குற்றாலநாதர் கோயிலின் தலமரமும் குறும்பலா. சம்பந்தர் இந்த மரத்துக்கென்றே தனிப் பதிகம் பாடியிருக்கிறார். பக்கத்துச் சித்திர சபையில் நடராசர் ஓவியமாக நின்று ஆடுகிறார். பலா இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. தவில் கேட்க இதைவிட வேறு எந்த ஊருக்குப் போவது? ஆனால் இப்போது எத்தனையோ கோயில்களில் சுவிட்சைப் போட்டால் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளம் வந்துவிட்டது. அதற்கு மூச்சும் தெரியாது, இடைவெளியும் தெரியாது.

சித்திரை விஷுவுக்கோ ஐப்பசி விஷுவுக்கோ வந்தால், சுவாமி புறப்பாட்டில் நாயனத்துக்கு நேர் எதிரே போய் நிற்காதீர்கள். தவில்காரரின் இடது கைப் பக்கம், நாலடி தள்ளி நில்லுங்கள். அவர் இடக்கைக்காரராக இருந்தால் மட்டும் மறுபக்கம்.