கடைசி ஆட்டம்

கால்பந்துப் போட்டியின் குரூப் சுற்றில் நான்கு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதும். மொத்தம் ஆறு ஆட்டம். வென்றால் 3 புள்ளி, டிராவுக்கு 1. நாக் அவுட்டில் தோற்றவர் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். குரூப் சுற்றின் நியாயம் வேறு. 2010 உலகக் கோப்பையில் நியூசிலாந்து மூன்று ஆட்டங்களையும் டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் வெளியேறியது. முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்ற ஸ்பெயின்தான் கோப்பையைத் தூக்கியது.

இந்தச் சுற்றின் ருசியெல்லாம் கடைசி நாளில் இருக்கிறது. அன்று குரூப்பின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். இந்த ஏற்பாடு ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருக்க, மறுநாள் ஜூன் 25 அன்று ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், அல்ஜீரியா வெளியேறும். தொடக்கத்திலேயே அந்தக் கோல் விழுந்தது. பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வதற்கில்லை. 1986 உலகக் கோப்பையிலிருந்து கடைசி இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே நேரம் என்றானது.

உலகக் கோப்பை பெரும்பாலும் ஜூனில் தொடங்கும். தென்காசிப் பக்கம் சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் பிடிப்பதும் அப்போதுதான். அருவியடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே காட்டுக்குள் மழை கொட்டியிருக்கும். சற்று நேரத்தில் மெயினருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டி விழ, குளித்துக்கொண்டிருந்தவர்களைப் போலீஸார் வெளியேற்றுவார்கள். கடைசி நாள் ஆட்டமும் அப்படித்தான். வேறு மைதானத்தில் விழும் கோல், இங்கே தப்பே செய்யாத அணியை வெளியேற்றிவிடும்.

சில சமயம் வெள்ளம் தன் மைதானத்திலேயே வரும். 2019 ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. போட்டியை நடத்திய ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2 என்று தோற்றது. ஜனவரி 14, தமிழ்நாட்டில் போகி. அன்றிரவு ஷார்ஜாவில் பஹ்ரைனோடு மூன்றாவது ஆட்டம். அதே நேரத்தில் அல் ஐனில் அமீரகமும் தாய்லாந்தும். அங்கே முதல் பாதியிலேயே 1-1 ஆகி, ஸ்கோர் அப்படியே நின்றுவிட்டது. இந்தியாவுக்கு ஒரு டிரா போதும். புள்ளியில் தாய்லாந்தோடு சமமானாலும், நேருக்கு நேர் வென்றிருந்ததால் இரண்டாமிடம் உறுதி.

டிராவுக்காக ஆடுவதுதான் கால்பந்தில் மிகக் கடினமான வேலை. கால்கள் தாமாகவே பின்வாங்கும். எதிராளி மேலே மேலே வருவான். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் கைகளில் 90 நிமிடம் அந்தக் கணக்கு தாங்கியது. 91ஆம் நிமிடத்தில் பஹ்ரைனுக்குப் பெனால்டி. ஜமால் ரஷீத் உதைத்தார், கோல். பஹ்ரைன் 4 புள்ளியோடு மூன்றாமிடம் பிடித்து, மூன்றாமிடத்து அணிகளில் சிறந்த நான்கில் ஒன்றாக அடுத்த சுற்றுக்குப் போனது. இரண்டாமிடத்தில் இருந்த இந்தியா, 3 புள்ளியோடு நான்காவதாக முடித்தது.