நீர் ஏறியது எதனால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் அறிவியல் செய்முறை நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். அங்கே தந்த விளக்கம் தவறு என்று நடத்தியவரிடம் சொன்னேன். "அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இது போதும் சார். ஆர்வம் வந்தாப் போதும், விளக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாதம் இது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கையால் தொட்டுக் கற்பது வேண்டுமா என்ற வழக்கு என்றோ முடிந்துவிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் துளிர் இதழும் அதற்காக உழைத்தன. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும் என்று அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா காட்டினார். செயல்பாடுகள் வழி அடிப்படைக் கல்வி தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் செய்முறை அறிவியல் காட்டும் வானவில் மன்றம் வந்தது. இவற்றின் நன்மையை நான் மறுக்கவில்லை.

அன்று நடந்தது எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். தட்டில் நீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடித் தம்ளர். சுடர் அணைந்தது, நீர் ஏறியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு" என்றார் நடத்தியவர். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆக்சிஜன் தீரவில்லை. காற்றில் 21 விழுக்காடாக இருப்பது 16-ஐ ஒட்டிக் குறையும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்து குறைந்த ஆக்சிஜனின் பெரும்பகுதிக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் உருவாகியிருக்கும். நீர் ஏறுவதற்குப் பெருங்காரணம், சூடாகி விரிந்திருந்த காற்று சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதுதான். அதனால்தான் எரியும்போது மெல்ல அசையும் நீர், அணைந்த பிறகு சட்டென்று ஏறுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரிப் படிப்பு வேண்டாம், கண் போதும். முன்வரிசையில் ஒரு சிறுமி, "ரெண்டு மெழுகுவத்தி வச்சா?" என்று கேட்டாள். வைத்திருந்தால் நீர் இன்னும் உயர ஏறியிருக்கும், தம்ளரில் இருந்த ஆக்சிஜன் அதேதான் என்றாலும். நோட்டில் எழுதிய வரி அங்கேயே உடைந்திருக்கும். நேரமில்லை என்று அடுத்த சோதனைக்குப் போனார்கள். சோடா மாவில் வினிகர் ஊற்றிய எரிமலை.

ஆர்வம் அந்தச் சிறுமியிடம் ஏற்கெனவே இருந்தது. அதை வளர்க்க வந்தவர்களே அணைத்துவிட்டுப் போனார்கள். விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அதற்குச் சாட்சியாகப் பொருளை நிறுத்துவது சோதனை ஆகாது. குழந்தை தன் கண்ணை நம்பாமல் மேடையை நம்பப் பழகுகிறது. மனப்பாடத்தைவிட இது மோசம் என்பேன். மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தான் பார்க்கவில்லை என்பதாவது தெரியும். இந்தப் பிள்ளையோ கண்ணால் பார்த்ததாகவே நம்பும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வரும் எரிமலை எதற்கு? இரும்பாலைகள் நிறைந்த ஊர் இது. சாலையோர மண்ணில் காந்தத்தைப் புரட்டினால் கரிய துகள் ஒட்டும். பழவேற்காட்டுக் கடற்கரை மணலிலும் ஒட்டும். ஆலையிலிருந்து வந்தது எது, கடல் கொண்டுவந்தது எது? கடல்நீர் நிலத்தடியில் ஏறிய மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்றுநீரையும் ஊர்க் குளத்து நீரையும் இரண்டு தட்டில் வெயிலில் காயவைத்தால், எந்தத் தட்டில் அதிக உப்பு படியும்? இவற்றுக்கு ஆசிரியரிடமும் ஆயத்த விடை இருக்காது. அதனால்தான் யாரும் கொண்டுவருவதில்லை.

ஆக்சிஜனைத்தான் காட்ட வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. லேத் பட்டறையில் விழும் மெல்லிய இரும்புச் சுருளை எண்ணெய் போகக் கழுவி, ஈரத்தோடு தம்ளரின் அடியில் அடைத்து, நீர்த்தட்டில் கவிழ்க்க வேண்டும். சூடு இல்லை, சுடர் இல்லை. துரு ஏற ஏற நீர் ஏறும். பல நாள் ஆகும். அதுவரை தம்ளர் வகுப்பறை ஜன்னலில் இருக்கட்டும், தினமும் காலையில் ஒரு பிள்ளை போய்ப் பேனாவால் கோடு போட்டுவிட்டு வரட்டும்.