தன்னோ புதுங்கே: மேடையைப் பிரிந்த பாடல்

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில், விடுதியில் எம்மோடிருந்த சிங்கள நண்பரொருவர் இரவில் இப்பாடலை முணுமுணுப்பார். மெட்டு எனக்கு மனப்பாடமாயிற்று, பொருள் ஆகவில்லை. வெசாக் காலத்துப் பக்திப் பாடலென்றே எண்ணியிருந்தேன். அது நாடகப் பாடல் என்பதைப் பல்லாண்டுகளின் பின்னரே அறிந்தேன். அயல்வீட்டுக் கலையை நாம் இத்தனை தூரத்தில் வைத்திருக்கிறோம்.

ஜோன் டி சில்வா 1903இல் மேடையேற்றிய 'சிறிசங்கபோ' நூர்த்தியில் இடம்பெற்றது 'தன்னோ புதுங்கே'. நூர்த்திக்கு முன்னர் சிங்கள மேடையில் செல்வாக்குப் பெற்றிருந்தது 'நாடகம' என்னும் கூத்து வடிவம். அது தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது; அதன் மெட்டுக்களும் தென்னிந்தியச் சாயல் கொண்டவை. பின்னர் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் திரைச்சீலைகளையும் ஹார்மோனியத்தையும் ஹிந்துஸ்தானி மெட்டுக்களையும் கொண்டுவந்து கொழும்பைக் கவர்ந்தன. மேனாட்டு மோகத்தைச் சாடிய தேசியவாதியான டி சில்வா, வட இந்திய இசையே ஆரியரான சிங்களவருக்கு உரியதென நம்பினார். அங்கிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற இசைஞரை வரவழைத்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. பாத்திரத்தின் மனநிலையை விளக்கிச் சொல்ல, அவர் அதற்கேற்ப மெட்டமைத்தார் என்பர். 'நமது இசை' என்று இன்று கொண்டாடப்படுவது இவ்வாறு தேடிப் பெறப்பட்டதுதான். அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது.

நாடகத்தில் இதன் இடம் முக்கியமானது. சங்கதிஸ்ஸ, சங்கபோ, கோதாபய என்ற நண்பர் மூவர் அநுராதபுரத்தை நெருங்குகின்றனர். துறவிகள் வாழும் அந்நகரின் தூய்மையைக் கண்டு வியக்கின்றனர். மூவருமே பின்னர் அரசராவர் என்பதும், கோதாபய கிளர்ந்தெழ, சங்கபோ அரியணை துறந்து இறுதியில் தன் தலையையே ஈவார் என்பதும் மகாவம்சக் கதை. அதை அறிந்த சபையோருக்கு இந்த அமைதியான மெட்டின் அடியில் ஓர் அச்சமும் கேட்டிருக்கும். ஒன்றாய் நின்று நகரைப் புகழும் நண்பர்களைப் பிரிக்கப் போவதும் அந்நகரின் அரியணைதான். கதையிலிருந்து கழன்று தனித்து உலவத் தொடங்கியபோது பாடலில் பக்தி மட்டுமே எஞ்சியது. எனக்கு இதுவே பெரிய இழப்பாகப் படுகிறது. நாடகத்தை மறந்தவர்களுக்கு லௌஜியை மறப்பது கடினமாக இருந்திராது.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் கிஷானி ஜயசிங்க இதனை மேனாட்டு ஒபெரா பாணியில் பாடினார். கண்டனமும் கேலியும் கிளம்பின. தனியார் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அவரை இழிவாகவே எள்ளியது. ஒபெராக் குரலில் சொற்கள் கரைந்துபோகின்றன, வரியின் நிதானம் குலைகிறது என்று ஒருவர் சொன்னால் கேட்கத் தயார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சுதேசியப் பாடலை அந்நியக் குரல் கெடுத்துவிட்டது என்றால், எந்தச் சுதேசியம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஹியூபர்ட் ராஜபக்ஷ பல தசாப்தங்களுக்கு முன்னரே இதனை மேனாட்டுப் பாணியில் பாடியிருந்தார். அமரதேவ வேறொரு விதமாகப் பாடினார். சேலத்தில் பிறந்த நம்மவர் மொஹிதீன் பேக் பாடிய பௌத்த கீதங்கள் வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன. அந்தக் குரலை அந்நியமென்று ஒதுக்கிவிட்டா அங்கே கேட்கிறார்கள்?

அதே விழாவின் முடிவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதின. கிஷானிக்கு நேர்ந்ததைப் பற்றி எழுத நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்?